முதல் மாத்திரைக்கு முன்னால்

சிறுநீரக மாற்று அறுவை முடிந்து நாலைந்து வருஷம் நன்றாக இருந்த ஒருவருக்குக் கழுத்தில் நெறி கட்டுகிறது. சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரியில் சட்டை நனையும் வியர்வை, வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைப்பு. அவர் ஊர் பச்சைமலை அடிவாரத்துப் பூலாம்பாடி என்றால் எங்கே போவார்? அறுவை செய்த மருத்துவமனை சென்னையிலோ வேலூரிலோ இருக்கும். மிகக் கிட்டத்தில் என்றால் திருச்சி. அரும்பாவூர், கிருஷ்ணாபுரம், வேப்பந்தட்டை என்று பஸ் ஊர்ந்து பெரம்பலூர் சேர வேண்டும்; அங்கிருந்து திருச்சிக்கு இன்னும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அவருடைய ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருகிறவரின் கூலியும் போகும். ஆகவே முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், இல்லாவிட்டால் மாலையில் கிளினிக் திறக்கும் டாக்டர். கழுத்தைத் தொட்டுப் பார்க்கும் அந்தக் கைக்கு உடனே தோன்றுவது டிபி. நெறிக்கட்டு, காய்ச்சல், இளைப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் நம் ஊரில் வேறென்ன தோன்றும்? தோன்றுவதில் பிழையே இல்லை. அந்தச் சந்தேகமே தீர்ப்பாகி, ஒரு துண்டுச் சதைகூட எடுத்துப் பார்க்காமல் காசநோய் மாத்திரை தொடங்கிவிடுவதில்தான் ஆபத்து. உறுப்பு மாற்றிக்கொண்ட ஒருவருக்கு, உயிர் போகும் அவசரம் தவிர மற்ற நேரங்களில், சதைப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்து, மாற்று அறுவை மையத்தோடு போனில் பேசிய பிறகே அந்த மாத்திரையின் முதல் வேளையைக் கொடுக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

காரணம், டிபியின் அதே முகத்தோடு வரும் இன்னொரு நோய். மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக பி.டி.எல்.டி. என்கிறார்கள். மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு நிணநீர்ச் செல்கள் கட்டுமீறிப் பெருகுவதால் வருவது. ஒரு முனையில் தானாகவே அடங்கக்கூடிய வீக்கம், மறுமுனையில் முழுக்க முழுக்க லிம்போமா என்னும் புற்றுநோய். பெரும்பாலான சமயம் இதன் வேரில் இருப்பது எப்ஸ்டீன்-பார் வைரஸ். உகாண்டாவில் டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர் கண்ட குழந்தைகளின் தாடைக் கட்டியிலிருந்து வளர்த்த செல்களில், 1964இல் ஆன்டனி எப்ஸ்டீன், பெர்ட் அச்சோங், இவோன் பார் மூவரும் கண்டறிந்த வைரஸ் அது. எச்சில் வழியே பரவும். உலகில் வயது வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பில் சுமந்துகொண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே, வந்ததும் தெரியாமல் வந்துவிடுகிறது. வந்த பிறகு ரத்தத்தின் பி செல்களுக்குள் புகுந்து ஆயுள் முழுக்க அடங்கிக் கிடக்கும். அடக்கி வைப்பவை டி செல்கள். மாற்று உறுப்பை அந்நியப் பொருள் என்று தாக்குபவையும் அதே டி செல்கள்தான் என்பதால், டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், மைகோஃபீனோலேட் போன்ற மாத்திரைகள் அவற்றின் கையைக் கட்டுகின்றன. புது விருந்தாளியைக் கடிக்கக் கூடாது என்று காவல் நாயைக் கட்டிப்போட்டால், திருடனுக்கும் அதுவே வசதி. வைரஸ் தான் குடியிருக்கும் பி செல்லுக்கு ‘பெருகு’ என்ற கட்டளையை விடாமல் கொடுக்கும் ஒரு புரதத்தையும் உண்டாக்குகிறது. தடுப்பார் இல்லாமல் செல்கள் பெருகுகின்றன.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1960களின் கடைசியிலேயே, சிறுநீரகம் மாற்றப்பட்டவர்களுக்கு லிம்போமா வருவதை நியூசிலாந்திலிருந்தும் அமெரிக்காவின் டென்வரிலிருந்தும் மருத்துவர்கள் எழுதினார்கள். டென்வரில் மாற்று அறுவை நிபுணர் தாமஸ் ஸ்டார்ஸலோடு இருந்த இஸ்ரேல் பென் என்ற மருத்துவர், மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு வரும் புற்றுநோய்களுக்கென்று ஒரு பதிவேட்டையே தொடங்கினார். அப்போது பலருடைய கேள்வி, இது தற்செயலா, மருந்தின் விளைவா என்பது. அதற்கு வலுவான விடை 1984இல் வந்தது. சைக்ளோஸ்போரினும் ஸ்டீராய்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு வந்த இந்தக் கட்டிகள், அந்த மருந்துகளைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ சுருங்கியதை ஸ்டார்ஸல் குழு லான்செட் இதழில் எழுதியது. புற்றுநோய் என்று பெயர் சூட்டப்பட்ட ஒன்று, மாத்திரையைக் குறைத்ததும் கரைகிறது! எல்லோருக்கும் கரையாது. தாமதமாக வருவதும், வைரஸ் இல்லாமல் வருவதும் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. இருந்தாலும் அந்தக் கட்டுரை ஒன்றை நிலைநாட்டியது: இந்த நோயில் முதல் சிகிச்சை, மருந்தைக் கூட்டுவது அல்ல, நிபுணர் கண்காணிப்பில் அளந்து குறைப்பது. அதனால் சீக்கிரம் பெயர் தெரிந்தால் குறைந்த செலவில், குறைந்த சேதத்தில் தப்பிக்க வழி உண்டு. ஆறு மாதம் வேறு பெயரில் அழைத்துக்கொண்டிருந்தால் அந்த வழி குறுகிப்போகும்.

எண்களைப் பார்த்தால் டிபி என்று சந்தேகப்பட்ட டாக்டரின் பக்கம்தான் நியாயம் இருப்பதுபோல் தெரியும். அதை மறைக்கக் கூடாது. சிறுநீரகம் மாற்றப்பட்ட பெரியவர்களில் பி.டி.எல்.டி. வருவது நூற்றில் ஓரிருவருக்கு. இதயம், நுரையீரல் மாற்றியவர்களுக்கு அதைவிடக் கூடுதல். குடல் மாற்றியவர்களிடம் நூற்றில் இருபதுவரைகூடப் போகும். இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவைக்கு 1971லேயே வழிகாட்டிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, தன்னிடம் அறுவை செய்துகொண்ட 1,251 பேரைப் பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், 166 பேருக்கு டிபி வந்திருந்தது. நூற்றில் பதிமூன்று பேர். ஒன்றோ இரண்டோ வரும் நோய்க்கும் பதிமூன்று வரும் நோய்க்கும் நடுவில் டாக்டர் எதை நினைப்பார்? பதிமூன்றைத்தான். நினைக்கவும் வேண்டும். ஆனால் இந்தக் கணக்கை இன்னொரு பக்கமும் திருப்பிப் படிக்கலாம். ஊர் உலகத்தில் நெறிக்கட்டோடு வருகிறவரைவிட, மாற்று உறுப்போடு வருகிறவரிடம் டிபியும் அதிகம், லிம்போமாவும் அதிகம், பூஞ்சை முதலான வேறு தொற்றுகளும் அதிகம். எல்லாமே அதிகமாக இருக்கும் உடம்பில் ஊகத்தின் மதிப்பு குறைகிறது, சோதனையின் மதிப்பு கூடுகிறது. போதாததற்கு ஒரே உடம்பில் டிபியும் லிம்போமாவும் ஒன்றாகக் குடியிருப்பதும் உண்டு. ஒன்று உறுதியானதால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது.

தவறான பெயரில் சிகிச்சை தொடங்கினால் நஷ்டம் தாமதத்தோடு நிற்பதில்லை. காசநோய் மருந்துகளில் முதுகெலும்பு ரிஃபாம்பிசின். அது கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளைச் சிதைக்கும் என்சைம்களை முடுக்கிவிடும் குணம் கொண்டது. டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டும் அந்த என்சைம்களால்தான் உடைக்கப்படுகின்றன. ரத்தத்தில் இந்த மருந்துகளின் அளவு சரியாக நிற்பதன் அருமையை மாற்று உறுப்பு பெற்றவர்கள் நன்றாக அறிந்தவர்கள். காலை மாத்திரை போடுவதற்கு முன் வெறும் வயிற்றோடு லேபுக்குப் போய், ‘லெவல்’ பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டு, பிறகே மாத்திரையை விழுங்குபவர்கள். பன்னிரண்டு மணி நேர இடைவெளி தப்பாமல் பார்த்துக்கொள்ள போனில் அலாரம் வைத்திருப்பவர்கள். அப்படிக் கட்டிக்காத்த லெவல், ரிஃபாம்பிசின் தொடங்கிய ஓரிரு வாரத்துக்குள் தரைமட்டத்துக்கு வந்துவிடும். பழைய அளவில் நிறுத்த டாக்ரோலிமஸைப் பல மடங்கு கூட்ட வேண்டிவரும். கூட்டச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் கிரியாட்டினின் ஏறும், உடம்பு புதுச் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கும். இங்கே ஒரு கோணலான உண்மையும் இருக்கிறது. பி.டி.எல்.டி. உள்ளவருக்கு டாக்ரோலிமஸ் குறைவது ஒருவகையில் சிகிச்சையின் திசைதான். ஆகவே கட்டி கொஞ்சம் சுருங்கி, ‘டிபி மாத்திரை கேட்கிறது’ என்ற பொய்யான நம்பிக்கையும் பிறக்கலாம். அளவில்லாமல், யாரும் பார்க்காமல் குறைவதற்கும், வாரம்தோறும் சோதித்துக் குறைப்பதற்கும் உள்ள தூரம், ஒரு சிறுநீரகத்தின் ஆயுள்.

சரி, சதைப் பரிசோதனை என்றால் என்ன செய்ய வேண்டும்? இந்த இடத்தில் நுணுக்கம் முக்கியம், ஏனென்றால் பரிசோதனை செய்தும் தவறவிடுவது உண்டு. சிறு ஊசியால் குத்தி உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது எளிது, மாவட்ட அளவிலேயே நடக்கிறது. டிபிக்கு அது பல நேரம் போதும். லிம்போமாவுக்குப் போதாது, செல்களின் முகம் மட்டுமல்ல, அவை அடுக்கியிருக்கும் விதமும் தெரிய வேண்டும். அதற்கு நெறிக்கட்டை முழுதாகவோ, நல்ல கனமான துண்டாகவோ அறுத்தெடுக்க வேண்டும். எடுத்ததை ஃபார்மலின் பாட்டிலில் அப்படியே போட்டுவிட்டால் பாதி வேலை கெட்டது. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். டிபி கிருமியை வளர்த்துப் பார்க்க வழியில்லை. ஆகவே துண்டை இரண்டாக்க வேண்டும். ஒன்று ஃபார்மலினில், நோய்க்குறியியல் நிபுணருக்கு. இன்னொன்று வெறும் சலைன் தண்ணீரில், டிபிக்கான மரபணுப் பரிசோதனைக்கும் கல்ச்சருக்கும். முதல் பாட்டிலோடு போகும் சீட்டில் ‘உறுப்பு மாற்றப்பட்டவர்’ என்ற சொற்கள் இல்லாவிட்டால், அங்கே எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கான சாயப் பரிசோதனையை யாரும் நினைக்கப்போவதில்லை. இரண்டு பாட்டில், ஒரு சீட்டு. பெரிய இயந்திரம் எதுவும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். வெட்டத் தெரிந்த ஒரு சர்ஜன் போதும். அவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்கிறார். பக்கத்து அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கட்டி கழுத்தில் இல்லாமல் குடலிலோ மூளையிலோ மாற்றிய சிறுநீரகத்திலேயோ ஒளிந்திருந்தால் கதை வேறு; இந்த நோய்க்கு அந்தப் பழக்கமும் உண்டு. அப்போது மையத்துக்குப் போவதைத் தவிர வழியில்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் மிக வலுவானது டிபி மருத்துவர்களுடையது. உறுப்பு மாற்றியவரின் உடம்பில் காசநோய் காட்டுத்தீயாகப் பரவும், ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தால் ஆளே இருக்க மாட்டார் என்பார்கள். மூளைக் காய்ச்சல், மூச்சுத் திணறல், நுரையீரல் முழுக்க விதைத்தாற்போலப் பரவிய டிபி என்றால் அவர்கள் சொல்வதே சரி. அங்கே மருந்துதான் முதலில். அப்போதும் எந்த மருந்து என்பதை மையத்தோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். ரிஃபாம்பிசினுக்குப் பதில், அவ்வளவு கடுமையாக என்சைமைத் தூண்டாத ரிஃபாபியூட்டின் என்ற மாற்று இருக்கிறது. ஆனால் நடந்தே வந்து நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைக் காட்டுகிறவருக்கு அந்த அவசரம் இல்லை. அவருக்கு வேண்டியது சில நாள். மரபணுப் பரிசோதனையின் விடை, மாதிரி கருவிக்குள் போன சில மணி நேரத்தில் வந்துவிடுகிறது.

இன்னொரு மறுப்பு, பயத்தைப் பற்றியது. மாற்று அறுவை செய்துகொண்டால் புற்றுநோய் வரும் என்று பத்திரிகையில் எழுதினால் தானம் செய்ய வருபவரும் பின்வாங்குவார், டயாலிசிஸ் நாற்காலியில் இருப்பவரும் மிரண்டுபோவார் என்ற கவலை. 2008 செப்டம்பரில், மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற பள்ளி மாணவனின் உறுப்புகளைத் தானம் செய்ய அவன் பெற்றோர் எடுத்த முடிவு தமிழ்நாட்டின் மனதையே மாற்றியது. அடுத்த மாதமே மூளைச்சாவு உறுப்பு தானத்துக்கான அரசுத் திட்டம் தொடங்கியது. 2024இல் 268 பேரின் உறுப்புகள் தானமாகக் கிடைக்கும் அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது. இந்த நம்பிக்கையை உடைக்கலாமா? கூடாது. ஆனால் எதை மறைத்து அந்த நம்பிக்கையைக் காப்பாற்றப் போகிறோம்? நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு இந்த நோய் வரப்போவதில்லை என்பதையும், டயாலிசிஸிலேயே இருப்பதைவிட மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் யாரும் ஓடிவிட மாட்டார்கள். நெறி கட்டினால் மறைக்காமல் காட்ட வேண்டும் என்று தெரிந்தவர்தான் தப்பிப்பார். தவிர, தானம் கொடுத்த குடும்பத்துக்கு நாம் பட்டிருக்கும் கடன், அறுவை அறையில் உறுப்பு ‘எடுத்துக்கொண்டது’ என்ற செய்தியோடு தீர்ந்துவிடுகிறதா என்ன? நான்காம் வருஷம் பார்க்காமல் விட்டதால் அது வீணானால், அது எந்த எண்ணிக்கையிலும் வராது. பத்திரிகைகள் தானம் செய்தவர்களை எண்ணுகின்றன. ஐந்தாம் வருஷமும் வேலை செய்யும் உறுப்புகளை எண்ணுவதில்லை.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் ஏற்கவே மாட்டேன். இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி சமாசாரம், கிராமத்து டாக்டர் தலையில் கட்டாதீர்கள் என்பது. பூலாம்பாடி சுற்றுவட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். வெயிலில் குனிந்து நின்று செய்யும் வேலை. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகத் துறையினர் 2023இல் தமிழகக் கிராமங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்தபோது, நூற்றில் ஐந்து பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு நிலையாகக் குறைந்திருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயிலும் நீரிழப்பும் இதில் பங்கு வகிக்கலாம் என்பது ஆய்வாளர்களின் சந்தேகம். ஆக, டயாலிசிஸுக்கும் பிறகு மாற்று அறுவைக்கும் வரப்போகிறவர்களில் பலர் இதுபோன்ற ஊர்க்காரர்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் மாற்று அறுவைக்கு இடம் இருக்கிறது. திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலேயே சிறுநீரகம் மாற்றுகிறார்கள். அறுவை நகரத்தில் நடக்கிறது; அதற்குப் பிறகான வாழ்க்கை ஊரில் நடக்கிறது. இந்த இரண்டையும் கோக்க வேண்டிய வேலையை நோயாளியின் பஸ் டிக்கெட்டிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

தமிழ்நாட்டுக்கு இது முடியாத வேலையும் இல்லை. டிபி என்றால் மலைக் காற்றும் சானடோரியப் படுக்கையும் வேண்டும் என்று உலகம் நம்பிய காலத்தில், 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகிறது என்று 1959இல் காட்டியது. உலகமே அந்த வழியைப் பின்பற்றியது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கான திரவப் பைகள் வீட்டு வாசலுக்கே போகின்றன. அந்தப் பையைச் சுமந்து போகிறவரால், மாற்று அறுவை முடிந்தவரின் கழுத்தையும் எடையையும் மாதம் ஒருமுறை பார்த்துக் குறித்துவர முடியாதா? 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இன்னும் பொருத்தமான உதாரணம். டிபி என்று உறுதியானதும் நோயாளியின் உயரம் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதை எல்லாம் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். எளிய கேள்விகள், செவிலியரே கேட்கக்கூடியவை. அந்தப் பட்டியலில் ‘உறுப்பு மாற்று அறுவை நடந்திருக்கிறதா?’ என்ற கேள்வியையும் சேர்த்து, ஆம் என்றால் மாத்திரைக்கு முன் போன் என்று எழுதிவிட்டால் போதும்.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்களுக்குச் சொன்ன கணக்கு அங்கே தலைகீழ். வைரஸையே இன்னும் சந்திக்காத உடம்புக்கு, வைரஸ் சுமக்கும் பெரியவரின் உறுப்பைப் பொருத்தும்போதுதான் பி.டி.எல்.டி. ஆபத்து உச்சத்துக்குப் போகிறது. 1998இல் டெல்லியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று அறுவை செய்துகொண்ட காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு இரண்டு வயது நிறையவில்லை. ஈரலின் பகுதியைக் கொடுத்தவர் தகப்பனார். இன்று சென்னையில் அந்த வயதுக் குழந்தைகளுக்கு ஈரல் மாற்றுவது அரிய செய்தி இல்லை. இந்த ஆபத்து எவ்வளவு கெட்டியானது என்பதற்கு ஒரு சான்று: 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெலாடாசெப்ட் என்ற மருந்தை, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றாதவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று அதன் விவரச் சீட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஈரல் மாற்றிய குழந்தைக்கு டான்சில் பெருத்து, காய்ச்சல் விடாமல் அடித்தால், சிரப் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

பெயர் தெரிந்த பிறகு என்ன செய்வார்கள்? மாத்திரையைக் குறைப்பது முதல் படி. போதாவிட்டால் ரிட்டுக்சிமேப் ஊசி. பி செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதத்தைக் குறிவைப்பது. ஐரோப்பாவில் நடந்த பெரிய சிகிச்சை ஆய்வில், முதலில் இந்த ஊசி, பிறகு கீமோதெரபி என்ற வரிசையில் சென்றவர்களில் பத்தில் ஒன்பது பேர்வரை பலன் கண்டார்கள். விலை கட்டுப்படியாகுமா என்பது நியாயமான கேள்வி. இந்த இடத்தில் இந்தியா முந்திக்கொண்டது. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007லேயே இதன் உள்நாட்டு வடிவத்தைக் கொண்டுவந்துவிட்டது. வைரஸைத் தேடி அழிக்கும் டி செல்களை வேறொருவர் உடம்பிலிருந்து எடுத்து வளர்த்துச் செலுத்தும் சிகிச்சைக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. அது இப்போதைக்கு நம் கைக்கு எட்டாத கனி. சிறுநீரகக்காரருக்கு மட்டும் இன்னொரு கசப்பான சலுகை உண்டு. மருந்தை முற்றிலும் நிறுத்தி, சிறுநீரகத்தை இழந்தாலும் டயாலிசிஸில் உயிரோடு இருக்கலாம். இதயமோ ஈரலோ மாற்றியவருக்கு அது இல்லை. எதை இழப்பது, எதைக் காப்பது என்ற அந்தத் தீர்மானத்தை நோயாளியோடு உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டுமானால், நோயின் பெயர் காலத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாற்று அறுவை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை, தமிழில். முன்பக்கத்தில் என்ன உறுப்பு, எந்தத் தேதி, என்னென்ன மாத்திரை. பின்பக்கத்தில், ரிஃபாம்பிசினையும், டாக்ரோலிமஸ் லெவலைத் தாறுமாறாக ஏற்றிவிடும் ஃபுளுகோனசோல், கிளாரித்ரோமைசின் போன்ற மருந்துகளையும் மையத்தைக் கேட்காமல் தொடங்காதீர்கள் என்று டாக்டருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் ஒரு வரி. நெறிக்கட்டை அறுத்தால் ஒரு துண்டு ஃபார்மலினில், ஒரு துண்டு சலைனில் என்று இன்னொரு வரி. அதற்குக் கீழே இரவிலும் எடுக்கப்படும் ஒரு போன் எண். அட்டை அச்சடிக்கச் சில ரூபாய் ஆகும். அந்தப் போனை எடுக்க மூன்று ஷிப்டுக்கு ஆள் போட்டுச் சம்பளம் கொடுப்பதுதான் உண்மையான செலவு. மாநில உறுப்பு மாற்று ஆணையத்தின் அடுத்த பட்ஜெட்டில் கேட்க வேண்டியது அதைத்தான்.